கையை மட்டும்

11 நவம்பர் 1986, செவ்வாய். டுசல்டோர்ஃப்

மழை. சப்பாத்து இன்னும் காயவில்லை. படத்துக்குக் கிடைத்த விருது அலமாரிக்கு மேல். கண்ணாடியில் செய்த கொம்பு மாதிரி ஒன்று. மனைவி அதில் வீட்டுச் சாவியைத் தொங்கவிடுகிறாள். ஊரில் கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் வழுக்கையை மறைத்துப் படம் பிடித்தவன், இன்று ஆவணப்பட இயக்குநர். மேல்வீட்டு அக்கா இரண்டு தரம் வாழ்த்தினா. இரண்டாம் தரம், மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்குக் கமராவோடு வருவீர்களா என்று கேட்டுவிட்டா.

பேப்பரிலும் செய்தி. என் மூஞ்சி இல்லை. படத்தில் வரும் சிவத்தின் சிரிப்பைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உணவகச் சமையலறை, கை நிறைய நுரை.

வாங்க: உள்ளி, பற்றரி, பேப்பர் இன்னும் மூன்று.

12, புதன்

குளிர். சிவம் வந்தான். முதலாளி பேப்பரைக் கண்டுவிட்டாராம், இனி வரவேண்டாமாம். அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யத் தடை. அவன் கோப்பை கழுவியது களவாக. அதனால் படம் எடுத்த அன்றைக்கு அவனுக்கு ஒரே நிபந்தனை: "கையை மட்டும் எடுங்கோ அண்ணை."

கையைத்தான் எடுத்தேன், அரை மணித்தியாலம். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த நுரையைப் படம் எடுத்து அனுப்பினால் ஜெர்மனியில் பனி கொட்டுது என்று ஊரில் நம்புவார்கள் என்றேன். சிரித்தான். கமரா தானாக மேலே போனது.

தானாகப் போகவில்லை. படத்தொகுப்பில் அந்தச் சிரிப்பை மூன்று தரம் வெட்டி, மூன்று தரம் ஒட்டினேன். நடுவர்கள் புகழ்ந்ததும் அதைத்தான்.

ஏசுவான் என்று பார்த்தேன். தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

14, வெள்ளி

சிவத்துக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு டெர்மின், நேரில் வரவேண்டுமாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வேறு ஆள் இல்லையாம், என்னைக் கேட்கிறான். மனைவி: "அங்க போயும் பகிடி விட்டிடாதேங்கோ."

18, செவ்வாய்

வெயில், சம்பந்தமில்லாமல். அதிகாரி சாந்தமான மனுசன். படம் பார்த்தாராம். எழுந்து கை குலுக்கி, அந்தச் சிரிப்பை மறக்கமுடியாது என்றார். ஒரு விநாடி சந்தோசம், வெட்கங்கெட்டவனுக்கு. பிறகு ஃபைலைத் திறந்தார். உள்ளே அந்தச் சிரிப்புள்ள பேப்பர் துண்டு. இது இவர்தானா, வேலை செய்தாரா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். சிவம் என்னையே பார்த்தான். "நீங்களே சொல்லுங்கோ அண்ணை. எடுத்தது நீங்கள்தானே."

அது நடிப்பு என்றேன் ஜெர்மனில். நான்தான் ஏப்ரனைக் கட்டி நிற்கவைத்தேன், சிரிக்கச் சொன்னேன். கலியாண வீட்டில் கமராவுக்காகத் தாலியை இரண்டாம் தரம் கட்டவைத்தவன்தானே, வழக்கம் விடுமா.

அதிகாரியின் முகம் சுருங்கியது. நான் சொன்னதை எழுதித் தந்தார், கையெழுத்துப் போட்டேன். பிரதி ஒன்று விருதுக்குழுவுக்கும் போகுமாம். சிவத்தில் பிழை இல்லை, போகலாம் என்றார். எனக்கு இந்த முறை கை தரவில்லை.

ஜெர்மனில் சொன்னதை டிராமில் சிவத்திடம் சொன்னேன்.

"உண்மையாத்தானே சிரிச்சனான் அண்ணை."

வாங்க: பால், ஆணி ஒன்று. சாவி தொங்கவிட.