ஒரே ஒரு இடம்

பாவா,

ஷாமீர்பேட்டை ஏரியில் காலைப்பனி இன்னும் கலையவில்லை. ஆய்வுக்கூடம் நம் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திய பிறகு, நேற்றுத்தான் மறுபடி நுண்ணோக்கியில் கண் வைத்தேன். செல்கள் உறக்கத்தில் நீந்துவதுபோல் மெல்ல மிதந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அந்த நுண்ணோக்கி, நீங்கள் விண்ணப்பித்திருக்கும் தடுப்பூசிக் கம்பெனியுடையது.

நேர்முகத் தேர்வில் பாப்பிராஜு சார் சொன்னார்: "முன்ன மாதிரி இல்லம்மா. பத்துப் பேர் பாத்த வேலைய இப்ப மெஷின் பாக்குது. இருக்கறது ஒரே இடம். உங்க வீட்டுக்காரரும் கேட்டிருக்காரே, தெரியுமா?"

"தெரியும் சார். நான் வந்ததுதான் அவருக்குத் தெரியாது."

இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பியதும் சொல்ல நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் விட்டுக்கொடுத்துவிடுவேன். அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

உங்களவள்