மேடம் கேட்ட பாஸ்வேர்டு

கோபக்கார மேடத்துக்கு,

நீ பாப்பாவைப் பள்ளியில் விட்டு வருவதற்குள் கிளம்புகிறேன். சாப்பாடு மேசையில் இருக்கிறது. பத்து மணிக்கு உனக்குத் தேர்வு. லேப்டாப்பில் தேர்வு பிரவுசரைப் போட்டுவிட்டேன். திறந்தால், முடிக்கும்வரை வேறெதுவும் திறக்காது. சார்ஜரைப் பிடுங்காதே.

"நடுவுல மாட்டிக்கிட்டா வெளிய வர்ற பாஸ்வேர்டு, கட்டின பொண்டாட்டிக்குக்கூடக் கிடையாதா?" என்று நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் கல்லூரியில் அந்தத் தேர்வுத் தளத்தைப் பார்த்துக்கொள்பவனே நான். எப்படிச் சொல்வேன்? காலையில் எனக்கும் சேர்த்துக் காபி போட்டாயே, பாதிக் கோபம் போயிருக்கும்.

பி.கு.: சொல்ல மறந்தேன். உன் தேர்வைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் ஆபீஸில் என் பக்கத்து சீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், இப்போது எனக்கே தெரியாது. மாட்டிக்கொண்டால் அவரைக் கூப்பிடு, எண் பின்பக்கம். "புருஷன் தயவுல பாஸானா"ன்னு ஒருத்தரும் உன்னைச் சொல்லக் கூடாது.