முள்கரண்டிப் பாத்தி

பிரெபென்,

இழுப்பறையில் முள்கரண்டியைத் தேடாதே. எல்லாம் தோட்டத்தில் நிற்கின்றன, என் பூச்செடிகளின் ஒவ்வொரு முளைக்கும் அடையாளமாக ஒன்று. களை பிடுங்கும்போது அவற்றின் பக்கம் கையை நீட்டாதே. போன வசந்தத்தில் என் பியோனிப் பூச்செடியைக் கிழங்கோடு தோண்டி எறிந்துவிட்டு, "களைன்னுல்ல நெனச்சேன்!" என்றாயே, அது போதும்.

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. நாலு மணிக்கு உன் அக்கா கேக்கோடு வருவாள். "ஏன்டா, கேக்கை ஸ்பூன்லயா திங்கிறது?" என்பாள். காரணத்தை நீயே சொல்.

நான் ஓடென்சே நகரத்துக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வருவேன்.

கிர்ஸ்டன்

பி.கு.: உரக்குவியலில் நம் கல்யாண வெள்ளி முள்கரண்டி நிற்கிறது. நீ எறிந்த பியோனி அங்கே சிவப்பாக முளைவிட்டிருக்கிறது. ஒரு வருடமாகத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதியை அது பூத்ததும் பார்க்கலாம்.