பிறஷ் பட்ட கல்

மச்சான்,

இன்று பின்னேரம் தேசிய ஆண்கள் கேர்லிங் இறுதியாட்டத்தில் எங்கள் மாகாண அணி வென்றுவிட்டது. ரீவிக்கு முன்னால் மகள் துள்ளிக் குதித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வென்ற விதம் அப்படி.

பனியில் வழுக்கிவந்த கடைசிக் கல் எதிரணியுடையது. வட்டத்தின் நடுவில் வந்து நின்றால் கிண்ணம் அவர்களுக்கு. கல்லுக்கு முன்னால் பிறஷால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடிய அவர்களின் ஆள் பாதி வழியில் கையை உயர்த்தினான். அவனுடைய பிறஷ் கல்லில் பட்டுவிட்டதாம்; பட்டால் அந்தக் கல் செல்லாதே. ஒருவரும் காணவில்லை. அவனே கல்லை மறித்து ஓரமாகத் தள்ளிவிட்டான்.

“ஏனப்பா சொன்னவர்? நோபடி சோ இட்,” என்றாள் மகள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

உன்னால் வந்த வினைதான் எல்லாம். ஐம்பது வயதில், முழங்கால் நோவோடு, யூனியன்வில்லில் வேலைத்தலத்து ஆட்களின் கேர்லிங்குக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீ. “கிறிக்கெட் விளையாடின எங்களுக்கு உது ஒரு வேலையே, வா,” என்றாய். முதல் நாளே இரண்டு பேரும் விழுந்து எழும்பினோம். ஆனாலும் போன குளிர்காலம் இறுதியாட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

அங்கே நீயும் இதையேதான் செய்தாய். வெல்லவேண்டிய கல். கையை உயர்த்தினாய், தோற்றோம்.

“ஆர் கண்டது? வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருக்கலாம்தானே?” என்று காரில் கத்தினேன்.

“நான் கண்டனான்தானே,” என்றாய். வோபர்னில் உன் வீட்டு வாசலில் உன்னை இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் போனேன்.

இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அதே ஆட்டத்தில், உனக்கு முன்னரே, என் பிறஷும் ஒரு கல்லில் பட்டது. நான் மூச்சு விடவில்லை. அந்தக் கல்லுக்குப் புள்ளியும் கிடைத்தது. நீ எனக்குப் பக்கத்தில்தான் தேய்த்துக்கொண்டு வந்தாய். பிறகு நீ கையை உயர்த்தியபோது, எனக்குக் காட்டத்தான் உயர்த்துகிறாய் என்று பட்டது. கோபம் அதில் வந்தது. தோற்றதில் இல்லை.

அதன்பிறகு மூன்று கிழமையாக நீ திரும்பத் திரும்ப ஃபோன் அடித்தாய். அதைத்தான் கேட்கப்போகிறாய் என்று பயந்து நான் எடுக்கவில்லை. விசரன் நான். நாலாம் கிழமை உன் மனைவி ஃபோன் அடித்தாள். உனக்கு நெஞ்சுநோவாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

செத்தவீட்டில் அவளிடம் கேட்டேன், என்னை நீ ஏன் அத்தனை தரம் தேடினாய் என்று.

“அடுத்த வருசக் கேர்லிங்குக்கும் உங்கட பேரையும் தன்ர பேரையும் சேர்த்துக் குடுத்திட்டாராம் அண்ணை. உங்களுக்குச் சொல்லோணும் எண்டு நிண்டவர்.”

என் பிறஷ் பட்டதைக் கண்டுவிட்டுத்தான் என் பேரைக் கொடுத்தாயா, காணாமல் கொடுத்தாயா? உன் ஃபோனை ஒருதரம் எடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.