தண்ணீர் ஊற்றியவன் எழுதுவது

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் தலைமையாசிரியைக்குக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தின் அடியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். கொஞ்சம்கூட நடுங்காமல் போட்டிருக்கிறீர்கள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் என் குரல் உயரும், பக்கத்தில் தங்கை இருப்பாள். ஏழாம் மாதத்தில் இருப்பவள் காதில் இதெல்லாம் விழ வேண்டாம் என்றுதான் வீட்டு விலாசத்தை விட்டுவிட்டுக் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். தங்கையைக் கொடுத்த இடத்தில் மரியாதை குறையக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அதனால் உங்களைத் திட்டுவதைக்கூட வாங்க, போங்க போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டடத் திறப்புக்குள் வாசலில் புல்தரை வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, என் தங்கை வீட்டுக்காரர் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார், கை சுத்தமான ஆள் என்று வாயைத் திறந்தவன் நான்தான். அந்த வாயில் அன்றைக்கே மண் விழுந்திருக்கலாம்.

நீங்கள் வந்திருந்தபோது நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. வேனிலிருந்து தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கினீர்கள். இரண்டே நாளில் மண்ணைக் கிளறி, சமன் செய்து, விதை தூவி, உருளை ஓட்டி முடித்தீர்கள். வேலை சுத்தம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கிளம்புகிற அவசரத்தில் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அடியில் உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினீர்கள். காலையில் ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம், மண் ஒரு சாண் ஆழம் ஊறும்வரை குழாயைத் திறந்து விடவும் என்று இருந்தது.

அப்போதே கேட்டேன். இது பாளம் பாளமாக வளர்ந்த புல்லைக் கொண்டுவந்து விரிக்கும் தரைக்கு ஊற்றுகிற கணக்கு ஆயிற்றே, விதைக்கு இப்படி ஊற்றினால் மிதந்து போய்விடுமே, காகிதம் மாறி வந்துவிட்டதா பாருங்கள் என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். தலைமையாசிரியை பக்கத்தில் நின்றார்கள். நீங்கள் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "மச்சான், நீங்க மரத்துக்குத் தண்ணி ஊத்துற ஆளு. இது வேற. காகிதத்துல இருக்கறத மட்டும் செய்ங்க, போதும்" என்று என் தோளில் தட்டினீர்கள். அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். ஆபீஸ் கிளார்க்கும் சிரித்தார்.

மாப்பிள்ளை, இந்தப் பள்ளியில் எனக்குப் பத்தொன்பது வருஷம். கால்பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒவ்வொரு விடுமுறையிலும் மண் தேய்ந்து வழுக்கையாகிவிடும். அதில் விதை போட்டுப் பள்ளி திறப்பதற்குள் புல்லை எழுப்புகிறவன் நான். விதைக்கு ஆழம் தேவையில்லை, மேல்மண் காயாமல் இருந்தால் போதும். ஒரு விரல்கணு ஈரம். அதையும் மொத்தமாகக் கொட்டக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவை, பூவாளியில், தூறல் மாதிரி விழ வேண்டும். எங்கேயும் குட்டை கட்டக் கூடாது. முளை எட்டிப் பார்த்த பிறகு ஒரு மத்தியானம் காய விட்டால் அத்தனையும் கருகிவிடும். இரண்டு விரல் உயரம் வந்த பிறகுதான் தடவையைக் குறைத்து ஆழமாக ஊற்ற வேண்டும். இதை எனக்கு எந்தக் கம்பெனியும் காகிதத்தில் எழுதித் தரவில்லை.

சரி, இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்தேன்? அதையும் எழுதுகிறேன். காகிதத்தில் இருந்ததை மட்டும் செய்தேன். போதும் என்றீர்களே, அதனால். மணிக்கட்டுக் கனமுள்ள குழாய், மோட்டார் போட்டால் பாய்ந்து வரும். ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துத் திறந்து விட்டேன். நீங்கள் தூவிய விதை என் காலைச் சுற்றி ஓடிச் சரிவில் இறங்கிச் சைக்கிள் கொட்டகை ஓரத்துக் கால்வாய்க்குப் போனது. பார்த்துக்கொண்டே ஊற்றினேன். அப்போது எனக்குச் சிரிப்புகூட வந்தது. தலைமையாசிரியை இரண்டு தடவை வந்து, தண்ணீர் சரியாகத்தான் போகிறதா என்று கேட்டார்கள். காகிதத்தில் உள்ளபடி போகிறது அம்மா என்றேன். மனதுக்குள் எவ்வளவு குளிர்ச்சியாகச் சொன்னேன் தெரியுமா? நீங்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. காலையில் சேறு, மத்தியானம் வெயிலில் மேல்மண் ஓடு கட்டி வெடிப்பு. கால்வாய் ஓரத்தில் மட்டும் அடர்த்தியாகப் பச்சை வந்தது. மேலே வழுக்கை, கீழே தாடி. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை, கம்பெனிக்கு எழுதினார்கள்.

அதற்குத்தான் உங்கள் பதில் வந்தது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கிளார்க் முன்னால் வாசித்துக் காட்டினார்கள். நாங்கள் அறிவுறுத்தியபடி மைதானப் பணியாளர் தண்ணீர் ஊற்றவில்லை, குறைந்தது மூன்று நாட்கள் தரை காய்ந்து கிடந்திருக்கிறது, இனிமேல் பராமரிப்புக்கு எங்கள் ஆளையே அமர்த்திக்கொள்வது நல்லது என்று. எத்தனை அழகான தமிழ். நானூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் காய்ந்ததை எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டா?

வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நிர்வாகக் கூட்டம். அதற்குள் நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாத மைதானக்காரன் பள்ளிக்கு எதற்கு என்று கேட்டுவிட்டால், அதோடு முடிந்தது. வேலை போனால் பள்ளிப் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கும் இந்த இரண்டு அறையும் போகும். ஐம்பத்து மூன்று வயதுக்காரனைத் தோட்ட வேலைக்குச் சேர்த்துக்கொள்ள யாரும் வரிசையில் நிற்கவில்லை. என் மனைவி, நீங்கள் வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிடுவீர்களே, அவள் உங்கள் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நீங்க போய்க் காட்டுறீங்களா நான் போகட்டுமா என்று தினமும் கேட்கிறாள். போட்டோவில் உங்கள் முகத்தைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நானும் அடுத்த நாளே அதைத் தலைமையாசிரியையிடம் போய்க் காட்டியிருப்பேன். சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். அப்போதுதான் தங்கை போன் செய்தாள். என் உடம்பைப் பற்றிக் கேட்டாள், அண்ணியைப் பற்றிக் கேட்டாள், சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "அண்ணா, அவர் சூப்பர்வைசர் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது. அந்தக் காகிதத்தை மட்டும் யார்கிட்டயும் காட்டிடாதீங்க" என்றாள்.

காகிதத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த நிமிஷம்வரை உங்களுக்கு விஷயம் தெரியாது, உண்மையிலேயே நான் ஊற்றவில்லை என்று நினைத்துத்தான் எழுதிவிட்டீர்கள் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்தது தெரிந்து, அதன் பிறகு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிற்காமல் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போனைக் கொடுத்திருக்கிறீர்கள். ஏன்டா, உன் தப்புக்கு அவளை ஏன்டா என்னிடம் கெஞ்ச வைத்தாய்?

இந்த ஒரு வரியில் மரியாதை தவறிவிட்டது. அடித்து எழுத மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். நீங்கள் கொட்டகையில் விட்டுப்போன அரை மூட்டை விதை இருந்தது. மண்ணை மறுபடி கிளறி, படிக்கட்டிலிருந்து கொடிக்கம்பம்வரை தூவினேன். மேலே பழைய சாக்கை விரித்தேன். நானும் உங்கள் அக்காவும் ஆளுக்கொரு பூவாளி எடுத்துக்கொண்டோம். முதல் மணிக்கு முன்னால் ஒரு தடவை, பத்து மணிக்கு, சாப்பாட்டு வேளையில், பள்ளி விட்ட பிறகு ஒரு தடவை. உங்களைத் திட்டிக்கொண்டேதான் அவள் ஊற்றினாள், ஆனாலும் ஒரு இடத்தில்கூடக் குட்டை கட்ட விடவில்லை. நேற்றோடு எட்டு நாள். காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் ஊசி ஊசியாகப் பச்சை. தலைமையாசிரியை குனிந்து பார்த்தார்கள். விளக்கம் எழுதியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நடந்தது நடந்தபடி இருக்கிறது. நீங்கள் தவறான காகிதம் கொடுத்ததும், நான் தெரிந்தே அதன்படி ஊற்றியதும், வீம்புக்காக விதையை ஓட விட்டதும், எல்லாம். என் பங்கை நான் மறைக்கவில்லை. அதற்குத் தலைமையாசிரியை என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். இன்னொன்றில், வேறு வேலை இருந்ததால் மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்று ஒரே வரி.

காகிதத்தைக் காட்டி உங்களை மாட்டிவிடப் போகிறேன் என்று பயந்துகொண்டு இதைப் படித்தீர்கள் என்றால், பயப்பட வேண்டாம். தங்கை கேட்டுவிட்டாள், அதற்கு மேல் எனக்குப் பேச்சு இல்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிவரை பார்ப்பேன். தவறான காகிதத்தைக் கொடுத்தது நான்தான் என்று தலைமையாசிரியைக்கு நீங்களே ஒரு வரி எழுதியிருந்தால் முதல் விளக்கத்தைக் கொடுப்பேன். கம்பெனியில் இரண்டு நாள் திட்டுவார்கள், ஆறு மாத சூப்பர்வைசர் இதுகூடவா தெரியாது என்பார்கள், அவ்வளவுதான். எழுதவில்லை என்றால் இரண்டாவதைக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்வேன். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வேலை போனது நான் சொல்லாமல் தங்கைக்கும் தெரியாது. மச்சான் மறதிக்காரர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், முடிந்தால்.

தங்கையைக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரும்புச் சத்து குறைவு, மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள், நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள். ஒன்பது வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. அது நல்லபடியாகப் பிறக்கட்டும், என் தங்கையைப் போல இருக்கட்டும். உங்களைப் போலவே பிறந்தாலும் மாமன் நான் வந்து தூக்கத்தான் செய்வேன். அதை என் கையில் கொடுக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகவாவது அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்