அடுப்புக்கு மேல் மூன்று வாரம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அடுப்புக்கு மேலிருந்த பலகையைக் கழற்றினேன். தேநீருக்குக்கூடத் தண்ணீர் வைக்கவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பியபோது ஒவ்வோர் ஆணியும் முனகிக்கொண்டுதான் வந்தது. பலகையின் அடிப்பக்கம் புகையேறிக் கறுத்து, எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னறைக்குப் போய் உன் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருடம் ஆகியும் அந்த வாசனை போகவில்லை. விறகுப் புகையும் தேன்மெழுகும் கலந்த வாசனை. என் கையிலும் அதே புகை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியை உன் அண்ணன் நேற்று மாலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாளை மறுநாள் நுவரெலியாவில் மறுபடி அந்த அக்கார்டியன் விழா. இந்த முறை இன்னும் அதிக நாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். மேடையில் ஒரு நாற்காலி போட்டு, உன் அக்கார்டியனை அதில் வைத்து, அதைப் பற்றி நான் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். பேச வேண்டியதைக் கொழும்பிலிருந்து எழுதியே அனுப்பிவிட்டார்கள். மேசையில் கிடக்கிறது. அதைப் படித்த பிறகுதான் இரவு முழுதும் தூக்கம் வரவில்லை.

நீ சைப்ரஸிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எனக்கு அங்கிருந்து வந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

வெளிநாடு போனவர்கள் திரும்பி வந்தால் லயத்தில் வரிசை வீடுகள் அத்தனையும் வாசலில் கூடிவிடும். வேனிலிருந்து என்னென்ன இறங்குகிறது என்று பார்ப்பதற்கு. ஏழு வருடம் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துவிட்டு வந்த நீ, இரண்டு துணிப்பையையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் இறக்கினாய்.

"டிவி எங்கடி?" என்றார் உன் பெரியம்மா.

"இதுதான் டிவி, பெரியம்மா. படம் வராது. பாட்டு மட்டும் வரும்."

அந்தக் கிழவியின் புருஷன் வாசித்த அக்கார்டியன் அது. மத்தியானம் கிழவி தூங்கும் நேரத்தில், சத்தம் வராமல் விசைகளை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாய். பிறகு கிழவியே ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, இழுத்து வாசி என்று சைகை காட்டினார் என்றாய். சாகும்போது உனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் அன்று வாசலில் நின்றுதான் பார்த்தேன். நாம் ஒரே வகுப்பு. நான் கல்லூரிக்குப் போய் ஆங்கில டீச்சராக நோட்டன் பிரிட்ஜுக்கே திரும்பி வந்தேன். நீ பத்தாம் வகுப்போடு நின்று, விமானம் ஏறிப் போய்த் திரும்பி வந்தாய். அதை நீ ஒருபோதும் குறையாகப் பேசியதில்லை. "இவ புத்தகத்துல படிச்ச ஊரையெல்லாம் நான் துடைப்பத்தோட போயி பார்த்துட்டு வந்தேன்" என்பாய், என் முன்னாலேயே.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் உனக்கு ஆயா வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக அழத் தொடங்கும். நீ சுவரோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் ஏற்றி, நம் மாரியம்மன் தாலாட்டையும் அந்தத் தீவில் கேட்ட ஏதோ ஒரு மெட்டையும் ஒன்றாகக் கோத்து வாசிப்பாய். அதைத் தொலைபேசியில் படம் பிடித்து நான்தான் இணையத்தில் போட்டேன். கொழும்பிலிருந்து விழாக்காரர்கள் என்னைக் கூப்பிட்டபோது உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். பல நாட்டு அக்கார்டியன்காரர்கள் வருகிறார்கள், இலங்கையிலிருந்து நீ.

"எனக்கு நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாதுனு சொன்னியா?"

"சொன்னேன்."

"மடுவத்து ஆயானு சொன்னியா?"

"அதான் வேணுமாம்."

"அப்ப சீலை வாங்கணும் புள்ள" என்றாய். அவ்வளவுதான் நீ பேசியது. ஆனால் அன்று மடுவத்தைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்தாய்.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. லயத்து அறையான உன் காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டையாகிச் சட்டி வைக்காத இடமில்லை. மாற்றித் தருகிறேன் என்று பக்கத்துக் காம்பராவிலிருந்த உன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தூக்கம், நாள் தள்ளிப்போனது. நீ பெட்டியைத் தோளில் சுமந்து, மேலே ஒரு ரப்பர் சீட்டைப் போர்த்தி, மலையிறங்கி என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

"ஈரம் படாம வச்சிரு. புள்ள மாதிரி."

இரண்டாம் நாள் மண் சரிந்து உங்கள் தோட்டத்துப் பாதை மூடிக்கொண்டது. பயிற்சிக்குக் கீழே வர முடியாத நீ, மடுவத்து மேசையில் விரல் தட்டி வாசிப்பதாகத் தொலைபேசியில் சொன்னாய். "பாட்டு விரல்ல இருக்கு, பயப்படாத."

நானோ பெட்டியைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் என் வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்தது. அலமாரியில் சட்டை பூஞ்சணம் பிடித்தது. இங்கே ஈரத்திலிருந்து ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? தீப்பெட்டி, உப்பு, பிள்ளைகளின் சப்பாத்து, நனைந்த கம்பளி, பாடப்புத்தகம், எல்லாம் அடுப்புக்கு மேலே. கேஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் மறுபடி விறகடுப்புக்கு மாறியவள் அதை விடவில்லை. அக்கார்டியனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கம்பளியில் சுற்றி, அந்தப் பலகையில் ஏற்றினேன். காலையிலும் மாலையிலும் கீழே அடுப்பு எரிந்தது. மழை வலுத்த நாட்களில் உனக்காகவே இரண்டு கட்டை கூடுதலாக வைத்தேன். தொட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். புள்ள மாதிரி என்றாயே, அப்படித்தான் இருந்தது.

பாதை திறந்ததும், விழாவுக்கு முந்தின நாள் மாலை நீ வந்தாய். நான் அதற்குள் பெட்டியில் வைத்துப் பூட்டித் தயாராக வைத்திருந்தேன். விடியற்காலை பஸ். ஹட்டனில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தின் பின்னறையில் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். இத்தாலியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும், பிரேசிலிலிருந்து தொப்பி வைத்த ஒருவர், பின்லாந்திலிருந்து நெட்டையாக ஒருவர், சீனாவிலிருந்து ஒரு சின்னப் பெண். அவளைவிட அவள் அக்கார்டியன் பெரிது. "பெட்டிய இவ தூக்குறாளா, இவள பெட்டி தூக்குதா?" என்று என் காதில் சொன்னாய். ஒருவர் மெட்டை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, அந்த அறையே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உன் முகத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு நீ உன்னுடையதை எடுத்துத் தோளில் மாட்டி இழுத்தாய்.

காற்று வந்தது. அடியில் இரண்டு மூன்று சுரம் மட்டும் கரகரத்தது. மேலே எந்த விசையை அழுத்தினாலும் ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ கிலுகிலுத்தது.

பின்லாந்துக்காரர் சின்னத் திருப்புளியால் அதைத் திறந்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு உலோகத் தகடு, அதை மரத்தில் ஒட்டிவைத்திருப்பது மெழுகு. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெழுகு உருகி வழிந்து தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழே விழுந்து கிடந்தன. அவர் முகர்ந்து பார்த்தார். உன்னிடம்தான் கேட்டார், ஆங்கிலத்தில்: "இது நெருப்புக்குப் பக்கத்தில் இருந்ததா?"

நீ என்னைப் பார்த்தாய். நான்தானே மொழிபெயர்க்க வந்தவள்.

"ஈரம் ஏறிருச்சாம்" என்றேன்.

அதைச் சொன்ன குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. நீ குனிந்து உன் பெட்டியை முகர்ந்தாய். ஒரு நொடிதான். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் பதறிக்கொண்டு நின்ற விழாக்கார அம்மாவிடம் சிங்களத்தில் சொன்னாய், எங்கள் பக்கத்துப் பனி அப்படி, எதையும் விட்டுவைக்காது என்று.

உன்னை வாசிக்க விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பின்லாந்துக்காரர்தான் விழாக்கார அம்மாவிடம் ஏதோ பேசி, கடைசியாக எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் பாட்டை நீ தொடங்க வேண்டும் என்றார். புதுச் சீலையோடு நடுவில் உட்கார்ந்து, காற்றுப் பொத்தானை அழுத்தித் துருத்தியை மெல்ல விரித்து மூடினாய். பெரிய பிராணி ஒன்று தூங்குவதுபோலச் சத்தம். மண்டபம் அடங்கியது. அந்த மூச்சின்மேல் ஒவ்வொரு நாடாக வந்து சேர்ந்தது. கை தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். மூன்று வாரம் மேசையில் தட்டித் தட்டி நீ கொண்டுவந்த பாட்டு மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அன்றைக்கும் தெரிந்தது, இன்றைக்கும் தெரிகிறது.

விடைபெறும்போது நான் உன் துணிப்பையைத் தேடிப் பின்னறைக்குப் போனேன். நீ பின்லாந்துக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தாய். நான் பின்னால் வந்ததை நீ பார்க்கவில்லை.

"தேங்க்யூ, சார்" என்றாய். "நெக்ஸ்ட் டைம், நோ ஃபயர்."

ஏழு வருடம் அந்த வீட்டில் கிரேக்கம்தான் பேசினேன் என்பாய். அங்கே வந்துபோன டாக்டரிடமும் நர்ஸிடமும் எந்த மொழியில் பேசியிருப்பாய் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கல்லூரியில் படித்த என் தலையில் அது ஏறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவித்த சோளம் வாங்கிப் பாதியை முறித்து என்னிடம் நீட்டினாய். "இனிமே பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும் புள்ள. நனைஞ்சா நனையட்டும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் சோளத்தைத் தின்றேன்.

அதன்பின் அதைச் சரிசெய்ய யாரும் கிடைக்கவில்லை. மடுவத்துப் பிள்ளைகளுக்கு மூச்சுச் சத்தமே போதும் என்று அதையே இழுத்து மூடித் தூங்கவைத்தாய். பிறகு உனக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. கொழும்பு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னமோ சொல்ல வர்ற மூஞ்சி" என்றாய். "வேணாம். அந்தத் தண்ணிய குடு."

கொடுத்தேன். நீ குடித்தாய். அதோடு முடிந்தது. நீ போய் ஒன்பது மாதம்.

நீ எனக்காகச் சொன்ன பொய் என்னோடு நின்றிருந்தால் நான் இதையும் விழுங்கியிருப்பேன். உன் கருமாதி அன்று உன் அண்ணன் சாப்பிடாமல் உன் காம்பரா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சோற்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

"டீச்சரு, நான் அந்தத் தகரத்த மாத்தியிருந்தா, ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே பெட்டி நனைஞ்சிருக்காதுல்ல" என்றார். "அவளுக்குனு வந்தது ஒரே ஒரு நாளு. அத நான்தான் கெடுத்துட்டேன்."

வாயைத் திறந்தேன். உன் பெரியம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தார். மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதமே அவர் கூரையை மாற்றினார். ஆளில்லாத காம்பராவுக்குப் புதுத் தகரம். கீழே பாதையிலிருந்து பார்த்தால் அந்த லயத்தில் அது ஒன்றுதான் வெயிலில் பளிச்சென்று தெரியும். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். மழை பெய்தால் உள்ளே போய் நின்று ஒழுகுகிறதா என்று பார்க்கிறாராம். நேற்றுப் பெட்டியைக் கொண்டுவந்தபோதும் அதையேதான் சொன்னார்: "இப்ப ஒரு சொட்டு வராது, டீச்சரு. இப்ப."

அவர் போன பிறகுதான் கொழும்பிலிருந்து வந்த தாளைப் படித்தேன். மலைநாட்டுப் பனி இந்தக் கருவியின் குரலைப் பறித்துக்கொண்டது, மூச்சைப் பறிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒழுகும் லயக் கூரையைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது. உன் அண்ணன் முன்வரிசையில் உட்காருவார். இதற்காகவே வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு வரியை நான் மூன்று மொழியில் வாசிக்க, அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

உன் சொல்லை மீறுகிறேன் என்று கோபிப்பாயோ தெரியாது. உயிரோடிருக்கும்போது என்னைக் காப்பாற்ற உனக்கு உரிமை இருந்தது. அதற்கு விலையாக இப்போது உன் அண்ணன் தேய்ந்துகொண்டிருப்பதை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தண்ணீரைக் கேட்டிருக்கமாட்டாய்.

பலகை இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கழுவவில்லை. இன்று பள்ளிக்கூடம் விட்டதும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறப் போகிறேன். வழியில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. உன் அண்ணன் வேலைக்குக் கிளம்புமுன் அவர் முன்னால் அதை வைத்து, உன் பெட்டி என் வீட்டில் மூன்று வாரம் எங்கே இருந்தது என்று சொல்வேன். அவர் என்னை வீட்டுக்குள் விடாமல் போகலாம். விழாவுக்கே வராமல் போகலாம்.

வந்தாலும் வராவிட்டாலும் மேடையில் அந்தத் தாளை நான் வாசிக்கப்போவதில்லை. அந்த நெட்டைப் பின்லாந்துக்காரர் உன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். உன்னைத் தவிர யாரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.