மாலை போட்ட வீட்டில் கிறிஸ்மஸ்

நவம்பர் 9, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் கிறிஸ்மஸ் இங்கேதான். சங்கரன்கோவிலில், என் வீட்டில்.

ஒன்பது வருடமாக டிசம்பர் 24 வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு, திருநெல்வேலியில் பஸ் மாறி, நாசரேத்துக்கு ஓடுகிறேன். அம்மா வீட்டில் விடியற்காலை ஆராதனை, வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி. எல்லாம் உண்டு. இவர் மட்டும் கிடையாது. திருநீறு பூசுகிற மருமகனை அம்மா பண்டிகைக்கு அழைத்ததே இல்லை. இவர் இங்கே தறி செட்டுக்கு லீவு விட்டுவிட்டு, அத்தை வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு போன் செய்து ஹேப்பி கிறிஸ்மஸ் சொல்வார். நானும் தேங்க்ஸ் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது, இப்போது எழுதும்போது.

இன்று சர்ச்சிலிருந்து வரும் வழியில் அனு கேட்டாள். "அப்பாவுக்குக் கிறிஸ்மஸ் கிடையாதாம்மா?" ஏழு வயசுப் பிள்ளை.

நவம்பர் 11, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் அங்கன வரணுமோ?"

"ஆமா. வா."

"பாப்போம்" என்றாள். இந்த வீட்டு வாசலை ஒரு தடவைகூட மிதிக்காதவள். அவள் வாயிலிருந்து 'பாப்போம்' வந்ததே எனக்குப் பெரிது.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. இவர் சபரிமலைக்கு மாலை போட்டார். இனி மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. கோமதிசங்கர் என்ற பெயரும் கிடையாது, பெற்ற தாய்க்கும் இவர் 'சாமி'தான். எனக்கு இதெல்லாம் பழகிப்போனது. எப்போதும் டிசம்பர் முதல் வாரமே போய் வந்துவிடுவார்கள், பண்டிகைக்கு இடைஞ்சல் இருக்காது.

நவம்பர் 19, புதன்

இருக்கிறது.

இவர்கள் கூட்டத்துக்குக் குருசாமி சண்முகையா அண்ணாச்சி. ஆன்லைனில் பதினோரு பேருக்கும் தரிசனத்துக்குப் பதிந்துவிட்டார். டிசம்பர் 26. அப்படியென்றால் 25 மதியம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு, சாயங்காலம் இருமுடி கட்டு, அப்படியே வேன்.

"ஏன் அண்ணாச்சி அந்தத் தேதி?"

"இருபத்தஞ்சு கவர்மெண்ட் லீவுல்லாம்மா. எல்லாத்துக்கும் தோதா இருக்கும்."

"அந்த லீவு எதுக்கு விடுதாங்க அண்ணாச்சி?"

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாற்றலாம் என்றால் மற்ற நாளெல்லாம் நிரம்பிவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

சாமியிடம் கோபப்படக் கூடாதாம். சரி, பேசாமல் இருக்கலாமே?

நவம்பர் 22, சனி

இவரே வந்து பேசினார். "நான் வேணும்னா இந்த வருசம் போகாம இருந்துக்கிடுதேன் எப்சி."

வேண்டாம் என்றேன். நான் என் பண்டிகையை விடமாட்டேன் என்றுதான் சொன்னேன், உங்கள் விரதத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன்? தெரியவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

ஊரில் எல்லோருக்கும் என் கிறிஸ்மஸைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது.

எங்கள் போதகரின் மனைவி, ஐயரம்மா, ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு படகுல கால் வைக்காத எப்சிபா." தம்பி போனில் சொல்கிறான்: பேசாமல் நாசரேத்துக்கு வந்துவிடு, எதுக்கு வம்பு. எதிர்வீட்டு சங்கரேஸ்வரி அக்கா, ஜனவரி ஒண்ணாந்தேதி நியூ இயரோடு சேர்த்துக் கொண்டாடிக்கொள்ளச் சொல்கிறார். இயேசு பிறந்த நாளைத் தள்ளிப்போட நான் யார் அக்கா? தீபாவளியைக் கார்த்திகைக்குத் தள்ளுவீர்களா என்று கேட்டேன். "அது எப்படிம்மா முடியும்" என்றார். அதேதான்.

டிசம்பர் 1, திங்கள்

வாசலில் ஸ்டார் கட்டினேன். ஒன்பது வருடத்தில் முதல் ஸ்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டது அனு. வயர் இழுத்து சுவிட்ச் போட்டது இவர், கறுப்பு வேட்டியோடு.

ஆறு மணிக்குப் பெரிய மாமா வந்தார். கருத்தப்பாண்டி மாமா, இவருடைய பெரியப்பா. இந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் தலையாட்ட வேண்டும். ஸ்டாரைப் பார்த்தார், ஆட்டவில்லை.

"மாலை போட்ட வீட்டுல இது என்னத்துக்கும்மா? பாக்கவங்க என்ன நெனைப்பாங்க?"

"மாலை அவங்க கழுத்துல இருக்கு, ஸ்டார் வாசல்ல இருக்கு. ரெண்டும் இடிக்கலையே மாமா."

அத்தை உள்ளே இருந்து காபி கொண்டுவந்தார். அத்தை எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டார் இருக்கிறது. இருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா வரவில்லையாம்.

"கறி கிடையாது, கேக்குல முட்டை கிடையாது, மலைக்குப் போறவங்களுக்குச் சோறு பொங்கிப் போடப்போற. இதுக்குப் பேரு கிறிஸ்மஸாட்டி? நான் வரல."

கறியிலயா இருக்கு கிறிஸ்மஸ்? மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு அன்னைக்கு யாரும்மா பிரியாணி போட்டா? கேக்கணும்னு நெனைச்சேன், கேக்கல. போனை வச்சிட்டா. வராட்டி போ. நான் ஒண்ணும் சாகமாட்டேன் –

கோடு போட்டு அடித்துவிட வேண்டும் இதை. அடிக்கப்போவதில்லை.

அவள் வர வேண்டும். அதுதான் உண்மை. இவரும் அம்மாவும் ஒரே வீட்டில் இருப்பதை அனு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அதற்காக அம்மாவிடம் கெஞ்சுவேனா? மாட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

முந்திரிக்கொத்து செய்தோம். பாசிப்பயறு, கருப்பட்டிப் பாகு, தேங்காய். முட்டை வேண்டாத பலகாரம், நாசரேத்தில் இது இல்லாமல் பண்டிகை கிடையாது. அத்தை பயறு வறுத்துக் கொடுத்தார். வாசம் வந்ததும் அவராகவே சொன்னார்: "கருத்தப்பாண்டி அத்தான் நேத்து வந்தாரு. ஸ்டாரை அவுக்கச் சொன்னாரு. எனக்கு ஏணி ஏற முடியாதுன்னுட்டேன்."

டிசம்பர் 25, வியாழன்

சாமிகள் எல்லாரும் போன பிறகு எழுதுகிறேன்.

விடியற்காலை ஆராதனைக்கு நானும் அனுவும். திரும்பி வந்து இட்லி, சாம்பார். பிறகு மதியச் சமையல்: அவியல், பருப்பு, சாம்பார், ரசம், இரண்டு பாயசம், இலை ஓரத்தில் முந்திரிக்கொத்து, முட்டையில்லாத கேக் ஒரு துண்டு. பதினோரு சாமிகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய மாமா தலைவாசலில் நின்றுகொண்டு, "நல்லாச் சாப்பிடுங்க சாமி, நம்ம வீட்டு அன்னதானம்" என்றார்.

என் கையில் சாம்பார் வாளி. "அன்னதானம் இல்ல மாமா. இது கிறிஸ்மஸ் சாப்பாடு. அதுல யாருக்காவது சங்கடம்னா இப்பமே சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

சண்முகையா அண்ணாச்சிதான் கேட்டார்: "கிறிஸ்மஸ் சாப்பாட்டுல அப்பளம் உண்டுமாம்மா?" உண்டு என்றேன். அனு நின்று ஜெபம் சொன்னாள். முடியும்வரை ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. பெரிய மாமா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

மூன்றரை மணிக்கு வாசலில் ஆட்டோ. அம்மா. புதுச் சேலை, கையில் பைபிள் பை.

"பிரியாணி சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. அத்தை ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, "காலைக் கழுவிட்டு வாங்க மதினி" என்றார். அம்மா கழுவினாள். ஆனால் உள்ளே வரவில்லை. இருமுடி கட்டி முடியும்வரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மலைக்குக் கிளம்புகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. இவர் இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுப் படி இறங்கினார். நாலு எட்டு போயிருப்பார்.

"மாப்ள" என்றாள் அம்மா. "பத்திரமாப் போயிட்டு வாங்க."

ஒன்பது வருடத்தில் அவரை அவள் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருசாமி முகம் சுருங்கியது. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். இவர் நின்றார். திரும்பவில்லை.

"சரி அத்தை" என்று தெருவைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறினார்.

டிசம்பர் 27, சனி

மலையிலிருந்து வந்து, மாலையைக் கழற்றி, தூங்கி எழுந்தார். அம்மா அன்று ராத்திரி இங்கேயே படுத்துவிட்டு, நேற்றுக் காலையே ஊருக்குப் போய்விட்டாள். பெரிய மாமா இன்னும் எங்களோடு பேசவில்லை. பிரசாதம் கொடுத்தனுப்பியதை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். "வந்தாச்சா? அவுக கிட்ட குடு" என்றாள். கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.